தன் அலையைத் தானே ஏறும் வள்ளம்

தூத்துக்குடியின் திரேஸ்புரம் கரையில், தார்ப்பாய் போர்த்திய எஞ்சின் ஒன்று மணலில் கிடந்தது. பக்கத்தில் பாதி முடிந்த வள்ளம். இடுப்பு உயரத்துக்குப் பலகை ஏறியிருந்தது. அதற்கு மேலே வங்குக்கால்கள் விலா எலும்பு மாதிரி துருத்திக்கொண்டு நின்றன. வள்ளத்துக்காரருக்கு முப்பது வயதுகூட இருக்காது. மேஸ்திரி அறுபதைத் தாண்டியவர். கையில் உளியை வைத்துக்கொண்டே பேசினார்.

“மேஸ்திரி, இதுக்கு ரெட்டிப்பா ஒரு எஞ்சினப் போட்டா என்ன? எல்லாருக்கும் முன்னாடி கரை சேந்திரலாம்லா?”

“போடு தம்பி, வேண்டாம்னா சொல்லுதேன்? எஞ்சின் ரெட்டிப்பாவும், டீசலும் ரெட்டிப்பாவும். வள்ளம் ரெட்டிப்பா ஓடாது. பின்னால அமுங்கிக்கிட்டு, மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்கும்.”

அந்த இளைஞரின் ஆசையில் தப்பு ஒன்றும் இல்லை. முதலில் கரை சேரும் மீனுக்குத்தான் ஏலத்தில் நல்ல விலை. ஆனால் மேஸ்திரியின் பதில்தான் என்னை விடவில்லை. ஏன் ஓடாது? தரையில் ஓடும் வண்டிக்குப் பெரிய எஞ்சின் வைத்தால் வேகம் கூடுகிறதே, தண்ணீரில் மட்டும் அந்தக் கணக்கு எங்கே உடைகிறது? இதைத் தேடிப் போனபோது, படிப்பால் வந்த பதிலும் மேஸ்திரியின் கையில் இருந்த பதிலும் ஒரே இடத்தில் வந்து நின்றதைப் பார்த்தேன்.

தரையிலிருந்தே தொடங்கலாம். இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இளைஞர்கள் இதே ஆசையோடு வீட்டுக் கொட்டகைகளில் ராப்பகலாக வேலை பார்த்தார்கள். பழைய ஃபோர்டு கார் ஒன்றைச் சல்லிசாக வாங்குவார்கள். மட்கார்டு, பானெட் என்று ஓடுவதற்குத் தேவைப்படாத அத்தனையையும் கழற்றிப் போடுவார்கள். கூரையை அறுத்துத் தாழ்த்துவார்கள். எஞ்சினைப் பிரித்துப் பலம் ஏற்றுவார்கள், இல்லாவிட்டால் வேறொரு வண்டியின் பெரிய எஞ்சினைக் கொண்டுவந்து பொருத்துவார்கள். அப்படிப் பிறந்த வண்டிக்கு ஹாட் ராட் என்று பெயர். 1932இல் ஃபோர்டு நிறுவனம் வெளியிட்ட வி-8 எஞ்சின் அவர்களுக்கு வரமாக வாய்த்தது: 3.6 லிட்டர் கொள்ளளவு, 65 குதிரைத் திறன், சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய காரில். மொஹாவி பாலைவனத்தில் வறண்டு இறுகிப்போன ஏரித் தரைதான் அவர்களுடைய பந்தயத் திடல். 1948 ஜனவரியில் ‘ஹாட் ராட்’ என்ற பெயரிலேயே ஒரு மாத இதழும் வெளிவந்தது.

நம்மிடமும் இந்தக் கைகள் இருந்தன. கோவையில் ஜி.டி. நாயுடு 1952இல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் காரைச் சுமார் 2,000 ரூபாய் செலவில் உருவாக்கிக் காட்டினார். சென்னையில் பழைய ஸ்கூட்டர் எஞ்சினை மிதிவண்டிச் சட்டத்தில் பூட்டிப் பிறந்த மீன்பாடி வண்டி, ஹாட் ராடுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆனால் இன்று இந்தியச் சாலையில் அப்படி ஒன்றை ஓட்ட முடியாது. தயாரித்த நிறுவனம் கொடுத்த அமைப்பை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இடம் தருவதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அடுத்தவர் உயிர் சம்பந்தப்பட்ட சாலையில் அந்தக் கண்டிப்பு நியாயமானதுதான்.

அதனால்தான் எனக்குக் கடற்கரை மேல் இவ்வளவு ஈர்ப்பு. ஒரு வாகனத்தை முதல் கட்டையிலிருந்து கடைசி ஆணி வரைக்கும் ஒருவர் கண் பார்க்க, கை செய்ய, ஒன்றைப் போல இன்னொன்று இல்லாமல் உருவாக்கும் வேலை நம் நாட்டில் இன்னும் உயிரோடு இருக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

கப்பலும் படகும் கட்டும் தச்சரை ஓடாவி என்பார்கள். அவரிடம் வரைபடம் இருக்காது. இத்தனை அடி நீளம், இன்ன தொழிலுக்கு, இத்தனை ஆள் என்று கேட்டுக்கொள்வார். சங்கு குளிக்கப் போகும் வள்ளத்துக்கு ஒரு வயிறு, வலைக்குப் போகும் வள்ளத்துக்கு இன்னொரு வயிறு. முதலில் ஏரா விழும். ஏரா என்பது வள்ளத்தின் முதுகெலும்பான அடிமரம். அதன் இரு முனையிலிருந்தும் எழும் கட்டைகள் அணியம் என்ற முன்முனையின் கூர்மையையும் பின்முனையின் வாட்டத்தையும் முடிவுசெய்யும். அதற்குப் பிறகு நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பலகை வளைக்கும் காட்சியைச் சொல்கிறேன். ஆயினிப் பலகை ஒன்றை இரண்டு முட்டுகளின் மேல் கிடத்தி, கீழே மெல்லிய தீ போட்டார்கள். ஒருவர் ஈரத் துணியால் மேல்பக்கத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பலகையின் ஒரு முனையில் கல் கட்டித் தொங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, யாரும் தொடாமலே, கல் மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது. மரம் என்பது செல்லுலோஸ் நார்கள், அவற்றைப் பிடித்துவைத்திருக்கும் லிக்னின் என்ற பசை. ஈரமும் சூடும் சேரும்போது லிக்னின் இளகுகிறது. நார்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே நழுவிப் புதிய வளைவில் உட்காருகின்றன. சூடு ஆறியதும் பசை மறுபடி இறுகிவிடும், பலகைக்கு அந்த வளைவு நிரந்தரமாகிவிடும். ஈரமில்லாமல் சூடு மட்டும் காட்டினால் பலகை கருகும். சூடில்லாமல் வளைத்தால் முறியும். எப்போது நிறுத்துவது என்று மேஸ்திரி பலகையை விரலால் சுண்டிப் பார்த்தார். கல் இறங்கும் வேகத்தையும் பார்த்தார். அவ்வளவுதான் அவருடைய வெப்பமானி.

வங்குக்காலுக்கு அந்த வேலையே இல்லை. அது பிறக்கும்போதே வளைந்தது. கருவேல மரத்தில் கிளை பிரியும் இடத்தை, வள்ளத்தின் வயிற்று வளைவுக்கு ஏற்றபடி தேடித் தேடி எடுக்கிறார்கள். நேரான கட்டையை வளைவாக அறுத்தால் நார்கள் குறுக்கே வெட்டுப்பட்டு, அந்த இடம் பலவீனமாகிவிடும். வளைந்தே வளர்ந்த கிளையில் நார் வளைவோடு சேர்ந்தே ஓடுகிறது. காற்றுக்கு எதிராகத் தன் கிளையைத் தாங்க மரம் பல ஆண்டுகள் செய்த வேலையை, அலைக்கு எதிராக வள்ளத்தைத் தாங்க இவர்கள் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள்.

கடைசியில் கலப்பத்து. பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடுக்கில் பஞ்சுத் திரியை மழுங்கிய உளியால் திணித்து அடைப்பது. இதை ரொம்பவும் இறுக்கிவிடக் கூடாது என்பது எனக்குப் புதிய செய்தி. கரையில் வெயிலில் காய்ந்திருக்கும் பலகை தண்ணீரில் இறங்கியதும் ஊறிப் பருக்கும். நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது, அகலவாக்கில்தான் பருக்கும். புது வள்ளம் முதல் நாள் கசியும். பலகை ஊறிப் பஞ்சை நெரித்ததும் கசிவு தானாக நின்றுவிடும். ஏற்கெனவே இறுக்கிவைத்திருந்தால் பருப்பதற்கு இடமில்லாமல் பலகை ஆணியைப் பிய்த்துக்கொள்ளும். கடல்தான் வள்ளத்தின் கடைசித் தச்சர்.

சென்னை மாகாணத்தின் முத்து, சங்குத் தொழிலைக் கவனிக்கும் பொறுப்பில் தூத்துக்குடியில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேயர், இந்தக் கரையின் படகுகளில் மனதைப் பறிகொடுத்தவர். இந்தியப் படகு வடிவங்களின் தோற்றம் பற்றி 1920இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் படிக்கப்படுகிறது. அவர் காலத்து வள்ளங்கள் பாயால் ஓடின. அக்காலத்து முத்துக் குளிப்பில் காற்றுதான் நேர அட்டவணை: நள்ளிரவுக்குப் பிறகு தரைக்காற்றில் கிளம்பி, விடியும்போது கடலடி முத்துப் பார் மேல் நின்று, நண்பகல் வரை குளித்து, பிற்பகல் கடற்காற்றில் கரைக்குத் திரும்புவது. இங்கே கடைசி முத்துக் குளிப்பு 1961இல் நடந்தது. அந்தப் பாய் வள்ளங்களின் உடல் வடிவம் மட்டும் எஞ்சின் காலத்துக்கும் வந்து சேர்ந்தது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் காரின் கணக்கை முடித்துவிடலாம். வேகமாக ஓடும் காருக்கு முதல் எதிரி காற்று. வேகம் இருமடங்கானால் காற்றின் தடை 4 மடங்காகிறது. அதை எதிர்த்து ஓடத் தேவைப்படும் திறன் 8 மடங்காகிறது. ஆகவே எஞ்சின் திறனை இருமடங்காக்கினால் உச்ச வேகம் ஏறத்தாழ 26 சதவீதம் கூடும். மணிக்கு 100 கிலோமீட்டரில் போன வண்டி 126இல் போகும். செலவழித்த காசுக்குக் குறைவுதான், ஆனாலும் கிடைக்கிறது. எடையைக் கழற்றி எறிந்ததற்கும் பலன் உண்டு: எடை பாதியானால் அதே எஞ்சின் வண்டியை இருமடங்கு விறுவிறுப்பாகக் கிளப்பும். ஹாட் ராடு கட்டியவர்கள் வாழ்ந்தது இந்தக் கணக்கில்தான்.

வள்ளத்துக்கும் உராய்வு உண்டு. கடல்நீர் காற்றைப் போல 800 மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. ஆனால் அதுவல்ல முக்கிய எதிரி. வள்ளம் இரண்டு ஊடகங்களின் நடுவே, மேலே காற்றும் கீழே நீரும் சந்திக்கும் தோலில் ஓடுகிறது. அந்தத் தோலைக் கீறாமல் ஓட முடியாது. கீறினால் அலை எழும். அலையை எழுப்பும் செலவு எஞ்சினிலிருந்துதான் போகிறது.

அலைக்கு ஒரு குணம் உண்டு. ஆழமான நீரில் நீளமான அலை வேகமாகப் போகும், குட்டை அலை மெதுவாகப் போகும். கணக்கு எளிது: அலையின் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.25ஆல் பெருக்கினால், நொடிக்கு எத்தனை மீட்டர் என்று வேகம் வரும். 4 மீட்டர் நீள அலை நொடிக்கு 2.5 மீட்டர் ஓடும். 9 மீட்டர் அலை 3.75 மீட்டர். நீளம் என்றால் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை.

இப்போது 9 மீட்டர் நீள வள்ளம் ஒன்றைத் தண்ணீரில் ஓட்டுவோம். அது எழுப்பும் அலை அதனுடனேயே, அதே வேகத்தில் வரவேண்டும். ஆகவே வள்ளத்தின் வேகமே அலையின் நீளத்தை முடிவுசெய்கிறது. மணிக்கு 6.75 கிலோமீட்டரில் ஓடினால் அலையின் நீளம் 2.25 மீட்டர். அணியத்திலிருந்து பின்முனை வரை நான்கு அலைகள் விலாவில் வரிசையாகத் தெரியும். வள்ளம் நாலைந்து முகடுகளின் மேல் சமமாக உட்கார்ந்திருக்கும். வேகத்தைக் கூட்டக் கூட்ட அலை நீள்கிறது, முகடுகளின் எண்ணிக்கை குறைகிறது. மூன்று, இரண்டு, கடைசியில் மணிக்கு 13.5 கிலோமீட்டரில் ஒன்றே ஒன்று. அணியத்தில் ஒரு முகடு, பின்முனையில் ஒரு முகடு, நடுவயிற்றில் பள்ளம்.

இன்னும் கொஞ்சம் கூட்டினால் என்ன ஆகும்? அலை வள்ளத்தைவிட நீளமாகிவிடும். பின்முகடு வள்ளத்தைத் தாண்டிப் பின்னால் போய்விடும். தாங்க முகடு இல்லாமல் பின்பகுதி பள்ளத்தில் இறங்கும், அணியம் முன்முகட்டின் மேல் ஏறும். அதாவது வள்ளம் மேட்டில் ஏறுகிறது. அந்த மேடு அதுவே எழுப்பியது, அதன் கூடவே நகர்கிறது. எவ்வளவு ஏறினாலும் உச்சி வராது. எஞ்சினை இன்னும் முறுக்கினால் மேடு இன்னும் உயரும், பின்பகுதி இன்னும் அமுங்கும். டீசல் முழுதும் அலையாகிக் கரையில் போய் உடைகிறது.

பின்னால அமுங்கிக்கிட்டு, மூக்கத் தூக்கிக்கிட்டு. மேஸ்திரி சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

இதை எண்ணில் பிடித்தவர் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலப் பொறியாளர். அவர் கதையும் வீட்டில் தொடங்கியதுதான். 1867இல் அவர் இரண்டு விதமான படகு மாதிரிகள் செய்தார். ஒன்றுக்கு முனைகள் கூர், அதற்கு ரேவன் என்று பெயர். இன்னொன்றுக்கு முனைகள் மழுங்கல், அது ஸ்வான். ஒவ்வொன்றிலும் 3 அடி, 6 அடி, 12 அடி என மூன்று அளவுகள். இவற்றை டார்ட் ஆற்றில் நீராவிப் படகோடு கட்டி இழுத்துத் தடையை அளந்தார். எல்லோரும் கூர்தான் ஜெயிக்கும் என்று நினைத்திருப்பார்கள். குறைந்த வேகத்தில் கூர் ஜெயித்தது. வேகம் கூடியதும் மழுங்கல் முந்தியது. எல்லா வேகத்துக்கும் சிறந்த ஒரே வடிவம் என்று ஒன்று இல்லை. கடற்படையின் பண உதவியோடு, டார்க்கி நகரில் தம் வீட்டை ஒட்டியே நீண்ட தண்ணீர்த் தொட்டி ஒன்றைக் கட்டினார். 1872இல் அது வேலை செய்யத் தொடங்கியது. மாதிரிகளை மெழுகில் வார்த்துச் செதுக்குவார். தப்பாகிப்போனால் உருக்கி மறுபடி வார்த்துக்கொள்ளலாம்.

அவர் கண்ட விதி அழகானது. சின்ன மாதிரியும் பெரிய கப்பலும் ஒரே மாதிரி அலை எழுப்பவேண்டுமென்றால், வேகம் நீளத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்றபடி இருக்கவேண்டும். 9 மீட்டர் வள்ளத்தின் சங்கடத்தைப் பார்க்க 9 மீட்டர் வள்ளம் வேண்டாம். 1 மீட்டர் நீளத்தில் ஒரு தெர்மாகோல் வள்ளம் போதும், அதை மூன்றில் ஒரு பங்கு வேகத்தில், மணிக்கு 4.5 கிலோமீட்டரில் இழுக்க வேண்டும். அது நாம் சாதாரணமாக நடக்கும் வேகம்! இடுப்பளவுத் தண்ணீருக்கு ஓரமாக இருக்கும் படகுத்துறைச் சுவரில் நடந்தபடி, நூல் கட்டி இழுத்துப் பாருங்கள். மெல்ல நடந்தால் அது சமமாக வரும். உங்கள் வழக்கமான நடைக்கு வந்ததும் பின்பக்கம் குந்தும். கையில் நூல் சட்டென்று கனக்கும். ஓடினால் இன்னும் கனக்கும். அந்தக் கனம்தான் இளைஞர் போட நினைத்த ரெட்டிப்பு எஞ்சினைத் தின்னப்போவது. நான் இதைச் செய்து பார்த்தேன். விரலில் நூல் இறுகிய அந்த நொடியில்தான் எனக்கு இந்த விதி உண்மையிலேயே புரிந்தது.

அப்படியே நின்று, வள்ளத்துக்குப் பின்னால் விரியும் அலைக் கோட்டையும் பாருங்கள். ஆழமான நீரில் அது இருபக்கமும் சுமார் 19.5 பாகையில் விரியும். தெர்மாகோல் வள்ளமானாலும், குளத்து வாத்தானாலும், துறைமுகத்துக்குள் நுழையும் நிலக்கரிக் கப்பலானாலும் கோணம் ஒன்றுதான். 1887இல் கெல்வின் பிரபு இதைக் கணக்கிட்டுச் சொன்னார். மிக வேகமாகப் பறக்கும் படகுகளில் மட்டும் அந்தக் கோடு குறுகித் தெரிகிறது.

பாய் வள்ளம் ஏன் இந்த வேகச் சுவரில் முட்டவில்லை? காற்று கொடுக்கும் பலத்துக்கு அந்த எல்லையை எட்டுவதே பெரிய காரியம். அதனால் பழைய ஓடாவிகள் பின்முனையையும் அணியத்தைப் போலவே கூராக்கினார்கள். எல்லைக்குள் ஓடும் வள்ளத்துக்கு அதுவே சரி. பிளந்த நீர் கலங்காமல் மறுபடி சேர்ந்துகொள்ளும். எஞ்சின் வந்ததும் அதே கூர் குறையாகிப் போனது. மெலிந்த பின்முனைக்கு மிதக்கும் பலம் குறைவு, சீக்கிரம் அமுங்கிவிடும். எஞ்சினுக்காகவே கட்டும் படகுகளில் பின்பக்கம் அகலமாகவும் தட்டையாகவும் முடிவதற்குக் காரணம் இதுதான். ரேவனும் ஸ்வானும் டார்ட் ஆற்றில் சொன்னதை மன்னார் வளைகுடாவில் எஞ்சின் வந்து மறுபடி சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

அப்படியானால் சுவரைத் தாண்ட வழியே இல்லையா? மூன்று வழி இருக்கிறது.

நீளமாக்கலாம். தூத்துக்குடித் தோணி அப்படி. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகும் பெரிய மரக்கலம், முன்பு பாயால் மட்டுமே ஓடியது, இப்போது எஞ்சினும் உண்டு. 25 மீட்டர் நீளம் என்றால் அதன் எல்லை மணிக்கு 22.5 கிலோமீட்டர். வள்ளத்தைவிட நீளம் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு, எல்லையோ ஒன்றே முக்கால் மடங்குகூட ஆகவில்லை. வர்க்கமூலம் தாராளமாகக் கொடுக்காது. தோணி அந்த எல்லையைத் தொடுவதும் இல்லை, தொட வேண்டிய தேவையும் இல்லை. வெங்காயத்துக்கும் சிமென்ட்டுக்கும் அவ்வளவு அவசரம் கிடையாது.

மெலிதாக்கலாம். மெலிந்த உடல் சின்ன அலையே எழுப்பும், மேடு உயராது. கடலில் ஓடிய முதல் ஹாட் ராடு என்று நான் சொல்வது இங்கிலாந்தில் சார்லஸ் பார்சன்ஸ் கட்டிய டர்பீனியாவை. நீளம் 31.6 மீட்டர், அகலம் வெறும் 2.7 மீட்டர், உள்ளே அவர் கண்டுபிடித்த நீராவி டர்பைன். 1894இல் முதலில் ஓட்டியபோது ஏமாற்றமே மிஞ்சியது. கப்பலைத் தள்ளும் விசிறி மிக வேகமாகச் சுழன்றதில், அதன் இதழ்களை ஒட்டி அழுத்தம் குறைந்து நீரே ஆவிக் குமிழிகளாகக் கொதித்தது. விசிறிக்குப் பிடித்துத் தள்ள நீர் கிடைக்கவில்லை. பார்சன்ஸ் மூன்று தண்டுகள் வைத்து, ஒவ்வொன்றிலும் மூன்றாக ஒன்பது விசிறிகள் பூட்டினார். 1897 ஜூனில், விக்டோரியா அரசியின் வைரவிழாவுக்காக ஸ்பிட்ஹெட்டில் போர்க்கப்பல்கள் அணிவகுத்து நின்றபோது, அவற்றின் நடுவே மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் அது பாய்ந்தது. அலைக் கணக்குப்படி அதன் எல்லை மணிக்கு 25 கிலோமீட்டர்தான். அடுத்த சில ஆண்டுகளில் போர்க்கப்பல்கள் டர்பைனுக்கு மாறின.

மூன்றாவது வழி, எடையைக் குறைப்பது. ஹாட் ராடுக்காரர்களின் வழி. போதிய அளவு இலேசான, அடி தட்டையான படகுக்குப் போதிய பலம் கொடுத்தால், அது தன் முன்னலையை ஒரு வழியாக ஏறித் தாண்டி, நீரைப் பிளப்பதை விட்டுவிட்டு நீர்மேல் வழுக்கத் தொடங்கும். பைபர் படகுகள் அவுட்போர்டு மோட்டாரோடு துள்ளிக்கொண்டு போவது அப்படித்தான். ஆனால் ஐஸ் பெட்டியும் வலையும் மீனும் ஏறியதும், அதே படகு வழுக்க முடியாமல் மறுபடி தன் அலைக்குள் விழுந்துவிடும். பந்தயக் காருக்குச் சுமை கிடையாது. மீனவருக்குச் சுமைதான் பிழைப்பு. வெறும் படகாகப் போகும்போது கிடைக்கும் வேகம் நிறைந்த படகாகத் திரும்பும்போது கிடைப்பதில்லை, ஏலத்துக்கு முந்த வேண்டியதோ திரும்பும்போதுதான்.

எஞ்சினைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஏமாந்தவர்கள் உண்டு. லாரிக்குப் பெயர்போன அசோக் லேலண்ட் போன்ற நிறுவனங்களின் எஞ்சின்கள் விசைப்படகுகளிலும் ஓடுகின்றன. அவை கடலுக்கென்று மாற்றியமைக்கப்பட்டவை. பழைய லாரி எஞ்சினை அப்படியே தூக்கிப் படகில் வைத்தால் நிற்காது. லாரி சமதரையில் ஓடும்போது எஞ்சினின் பலத்தில் ஒரு பங்கைத்தான் கேட்கும், மேட்டில் ஏறும்போதுதான் முழுதும் கேட்கும். படகுக்குக் கடல் முழுதும் மேடு. ஒரு நொடி ஓய்வில்லை. அதனால் கடல் எஞ்சினுக்குக் குறைந்த குதிரைத் திறனே குறித்துக் கொடுக்கிறார்கள். ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்காது, கடல்நீரைக் கொண்டுதான் சூடு தணிக்க வேண்டும், அந்த உப்புநீர் எஞ்சினுக்குள் நேராகப் போய்விடாதபடி நடுவே தனி ஏற்பாடு வேண்டும்.

விசிறியும் அப்படி. கொஞ்சம் நீரை வெகு வேகமாகப் பின்னால் எறிந்தும் வள்ளத்தை முன்னால் தள்ளலாம், நிறைய நீரை மெல்ல எறிந்தும் தள்ளலாம். தள்ளு ஒன்றுதான். ஆனால் எறியும் வேகம் இருமடங்கானால் ஒவ்வொரு கிலோ நீருக்கும் போகும் ஆற்றல் நான்கு மடங்கு. ஆகவே பெரிய விசிறி, மெதுவான சுழற்சி, நடுவே வேகத்தைக் குறைக்கும் கியர் பாக்ஸ். டீசல் மிச்சம் இங்கேதான் கிடைக்கிறது. 1980களில் சென்னையிலிருந்து இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தின் ஆலோசகர்கள் சிறுபடகு மீனவர்களுக்குச் சொன்னதும் இதுதான், இதற்கும் முன்னதாக ஒன்று: வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள். அந்த எல்லைக்குப் பக்கத்தில் ஓடும்போது வேகத்தில் பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால், எரிபொருளில் அதைப்போல இரண்டு மூன்று மடங்குப் பங்கு மிஞ்சும்.

சில வாரம் கழித்து மறுபடி திரேஸ்புரம் போனேன். வள்ளம் முடிந்து, மஞ்சளும் பச்சையும் பூசி நின்றது. உள்ளே இருந்தது தார்ப்பாய்க்குள் பார்த்த அதே எஞ்சின். ஆனால் ஏரா போட்ட நாளிலேயே மேஸ்திரி அதை முதலில் பேசியதைவிட இரண்டடி நீட்டியிருந்தார், பின்பக்கத்தையும் கொஞ்சம் அகலமாக வைத்திருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. உருளைக் கட்டைகளை அடியில் போட்டு, இருபது பேர் தோள்கொடுத்துத் தள்ளினார்கள். தண்ணீரில் இறங்கியதும், சொன்னபடியே, கசிந்தது. இரண்டு பையன்கள் உள்ளே உட்கார்ந்து வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தார்கள்.

மறுநாள் காலையில் கசிவு நின்றிருந்தது. வெள்ளோட்டத்துக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். முயல் தீவுப் பக்கமாகத் திரும்பியதும் அந்த இளைஞர் எஞ்சினை மெல்லக் கூட்டினார். நான் விலாவில் குனிந்து முகடுகளை எண்ணினேன். மூன்று. பிறகு இரண்டு. பிறகு அணியத்தில் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவே வழவழவென்று பள்ளம். இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினார். எஞ்சின் சத்தம் மாறியது, கறுப்புப் புகை வந்தது, காலடியில் பலகை சாய்ந்தது. மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் உயர்ந்து வந்த தண்ணீரைக் கையால் தொட்டுக் காட்டினார்.

இளைஞர் திரும்பிப் பார்த்தார். எஞ்சினைக் கொஞ்சம் தணித்தார். பின்முகடு வந்து மறுபடி வள்ளத்துக்கு அடியில் சேர்ந்துகொண்டது.